பெயரைச் சொல்லாத ஆசிரியர்

மரப்படிகளில் ஏறிவந்த செருப்புச் சத்தம் லாட்ஜோடு நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். நிற்கவில்லை. அதற்கும் மேலே, எங்கள் அறைவரை வந்தது. மலையாள நகரமொன்றின் தம்பானூர்ப் பகுதியில் லாட்ஜுக்கு மேலிருந்த அந்த ஒற்றை அறைதான் எங்கள் தமிழ் இலக்கிய இதழின் அலுவலகம். வேலை முடிந்து நான் அங்கே போவேன்; ஆசிரியரும் நானும் சேர்ந்து அச்சுப்பிழை திருத்தி மெய்ப்புப் பார்ப்போம்.

அன்று பார்த்துக்கொண்டிருந்தது அவர் எழுதிய கட்டுரை. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் பத்திரிகை நடத்தியவர்களின் நட்பைப் பற்றியது. காபிக் கடைகளில் கூடிச் சண்டை போட்டவர்களையும், புனைபெயரில் எழுதிய நண்பர்களைக் காட்டிக்கொடுக்காமல் சிறைக்குப் போன அச்சுக்காரர்களையும் பற்றி அவர் ரசித்து வாசித்துக்கொண்டிருந்தார். கதவு தள்ளப்பட்டது. உள்ளே வந்த இருவரில் ஒருவன் கையில் எங்கள் முந்தைய இதழ் இருந்தது.

அதில் நான் ஓர் ஆண்பெயரில் கதை எழுதியிருந்தேன். வலியசாலையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் அடியாட்களை வைத்துப் பக்கத்துக் குடித்தனக்காரர்களை விரட்டிய கதை. வந்திருப்பது அவருடைய ஆட்கள்தான் என்று புரிந்தது. எழுதியது நான் என்று தெரிந்தால் அடுத்து எங்கள் சாமான்கள்தான் தெருவுக்கு வரும்.

"ஆரு எழுதினது? பேரைச் சொல்லு சாரே."

"அது சொல்றதுக்கில்லை."

"சொல்லலைன்னா இந்த ஆபீஸ் இங்கே காணாது, கேட்டோ?" அவன் கை ஆசிரியரின் தோளை அழுத்தியது. விரல்கள் கழுத்துப் பக்கம் நகர்ந்தபோது எனக்குத் தாங்கவில்லை, எழுந்துவிட்டேன்.

"நான்தான் எழுதினேன்."

இருவரும் சிரித்தார்கள். "சேச்சி அவிடே இரி. இது ஆம்பிளை எழுதினது" என்று என்னை உட்காரச் சொன்னார்கள். மெய்ப்புத் தாள்களை ஜன்னல் வழியே வீசிவிட்டு, மறுபடி வருவோம் என்று சொல்லிப் போனார்கள்.

"எழுந்திருங்கோ சார், போயிடலாம்" என்றேன். அவரால் எழுந்திருக்க முடியவில்லை.

"இன்னொரு தரம் கேட்டிருந்தா உன் பேரைச் சொல்லியிருப்பேம்மா" என்றார்.

எனக்குக் கோபமே வரவில்லை. அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதுவரை அவர் எனக்கு ஆசிரியர், அன்றுதான் நண்பரானார்.

அவர்கள் திரும்பி வரவில்லை. ஆனால் படியில் எந்தச் சத்தம் கேட்டாலும் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவோம். அவர் கண்பார்வை மங்கும்வரை இதழ் வந்தது.

இப்போது என் பெயரிலேயே எழுதுகிறேன். மிரட்டல்கள் போனில் வருகின்றன. அனுப்புகிறவனுக்கு முகம் கிடையாது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன். கூட உட்கார்ந்து பயப்பட இன்று ஆளில்லை.