கேட்டால் மட்டும் சொல்லும் புரோக்கர்

வீட்டு புரோக்கர் பொய் சொன்னால் ஜனங்கள் பேரம் பேசுவார்கள். உண்மையைச் சொன்னால் ஓடியே போய்விடுவார்கள். தாம்பரம் பக்கம் வீடு தேடி அலைந்தவர்களும், என்னைப் போல வீடு காட்டி அலைந்தவர்களும் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள். ஞானஸ்நானம் எடுத்த கையோடு, இனி தொழிலில் பொய்யே கிடையாது என்று தீர்மானம் பண்ணினேன். பைக்கில் ஒரு சிலுவை ஸ்டிக்கரும் ஒட்டினேன். அன்றைக்கு ஆரம்பித்தது தலைவலி.

ஏரி ஓரத்து வீடு

செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கீழ்த்தளம். நாவலூரில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒருவர் மனைவியோடு வந்து பார்த்தார். "மழைக்குத் தண்ணி வருமா?" என்று கேட்டார். எங்கள் ஆட்கள் வழக்கமாக, "இது மேடு சார்" என்று முடித்துவிடுவார்கள். நான், "பெரிய மழைன்னா ஹாலுக்குள்ளயே வரும் சார்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. தண்ணீருக்காக இல்லை. மனைவியை ஓரமாகக் கூட்டிப்போய்க் குசுகுசுத்தது என் காதில் நன்றாகவே விழுந்தது: "இதையே இவ்ளோ ஓப்பனா சொல்றார்னா, இதைவிடப் பெருசா எதையோ மறைக்கிறார். இங்க யாராவது தூக்கு மாட்டிக்கிட்டாங்களோ?"

ஓனர்

அந்த வீட்டு ஓனர் இந்த ஊர்க்காரர். நெல் விளைந்த அவர் நிலத்தில் இப்போது வரிசையாக வாடகை வீடுகள். அத்தனைக்கும் ஆள் பிடித்துக் கொடுப்பவன் நான்தான். என் குடும்பம் ஓடுவதே அதில்தான். மழைக்காலம் முடிந்ததும் சுவரில் முட்டி உயரத்துக்கு மட்டும் புது பெயிண்ட் அடிப்பார், தண்ணீர் நின்ற கறை தெரியக் கூடாதே!

நான் சொன்னது அவர் காதுக்குப் போய், என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். பொய் சொல்ல மனசு வரவில்லை என்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாய்யா, உண்மை பேசறியா? என் பார்ட்டிய தொரத்த எதிர் வூட்டுக்காரன் உனக்கு இன்னா குட்த்தான், அத்த சொல்லு. அடுத்த பார்ட்டியும் ஓடிட்டா, எல்லா வூட்டு சாவியும் என் கைக்கு வந்துரணும்."

பாஸ்டர் காட்டிய வழி

பயந்துபோய் எங்கள் சபை பாஸ்டரிடம் ஓடினேன். பொய்யும் சொல்லக் கூடாது, பிழைப்பும் போகக் கூடாது, என்ன செய்ய என்று கேட்டேன். கண்ணை மூடி ரொம்ப நேரம் ஜெபித்தார். கடைசியில் அவர் சொன்னதைக் கேட்டு, இதை அவரும் சபையில் எங்களிடம் கடைப்பிடிக்கிறாரோ என்று சந்தேகமே வந்துவிட்டது:

"கேட்டா பொய் சொல்லாதீங்க. கேக்காததை நீங்களா ஏன் பிரதர் எடுத்துச் சொல்றீங்க?"

அடுத்த பார்ட்டி

அந்த ஏரி ஓரத்து வீட்டைப் பார்க்க அடுத்த பார்ட்டியாக வந்து நின்றவர் அதே பாஸ்டர்! மூட்டுவலியில் படியேற முடியாத அம்மாவுக்குக் கீழ்த்தளம்தான் வேண்டுமாம். அம்மாவையும் ஆட்டோவில் கூட்டி வந்திருந்தார். சமையலறையைப் பற்றிக் கேட்டார், பைக் நிறுத்த இடம் கேட்டார், மழையைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. அவர் சொன்ன வழிப்படியே நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மா கட்டிலை எங்கே போடலாம் என்று சுவரோரமாகக் கையைக் காட்டினார். நான் அந்தச் சுவரின் புது பெயிண்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அட்வான்ஸ் கொடுக்கப் பையைத் திறந்த பாஸ்டர், என் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினார்.

"பிரதர், நான் கேக்காம விட்டது ஏதாவது இருக்கா?"

இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர் அம்மா தப்பித்தார், என் மனசாட்சி தப்பித்தது, பிழைப்பு மட்டும்தான் மாட்டிக்கொண்டது.