எண்ணெயில் ஏறிய அமிலம்

மலேசியாவில் கோலா பிலாவுக்கு அருகே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் பரிசோதனை அறையில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எண்ணெயில் அமிலம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் என் வேலை. ஐந்து கிராம் எண்ணெயை நிறுத்து, ஆல்கஹாலில் கரைத்து, நிறங்காட்டி சில சொட்டு விட்டு, பியூரெட் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். இளஞ்சிவப்பு வந்து அரை நிமிடம் கலையாமல் நின்றால் நிறுத்திவிட்டு, இறங்கிய காரத்தின் அளவை வைத்துக் கணக்குப் போட வேண்டும். காரம் கூடினால் அமிலமும் கூடுதல் என்று வரும்.

படிவம் நான்கில், பதினாறு வயதில், படித்த வேதியியல்தான். எங்கள் பள்ளியில் வகுப்புக்கே ஒரு பியூரெட். ஆசிரியை செய்து காட்டினார். நாங்கள் படம் வரைந்தோம். படத்துக்கு முழு மதிப்பெண் வாங்கினேன். இதை ஒரு நாளில் பன்னிரண்டு முறை நின்றபடி செய்தால் கால் வீங்கும் என்று படத்தில் இல்லை.

போன மழைக்காலத்தில் கொதிகலன் பழுதாகி ஆலை இரண்டு நாள் நின்றது. முற்றத்தில் குவிந்த குலைகளில் அடிபட்ட பழங்கள் குழைந்து ஒழுகின. ஆலை மீண்டும் ஓடிய அன்று மதியம் வந்த முதல் எண்ணெயில் அமிலம் ஆறு சதவீதம். ஐந்தைத் தாண்டக்கூடாது.

நான் எழுதி அனுப்பிய தாளோடு துணை மேலாளர் வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர்.

"என்னக்கா, ஆறு போட்டிருக்கீங்க?"

"பழம் ரெண்டு நாளா கெடந்துச்சு சார்."

"தெரியும்லா. இன்னொரு தடவ செஞ்சி பாருங்க."

செய்தேன். கண் எரிந்தது. ஆனாலும் குழாயை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. ஐந்து புள்ளி ஏழு. சொல்ல வெட்கமாக இருந்தது.

"மொதல்ல செஞ்சது என் தப்பு சார். அசதியில கொழாய லேட்டா மூடிட்டேன். ஆனா ஐஞ்சுக்குக் கீழ வராது."

மூன்றாவது முறை அவர் பக்கத்திலேயே நின்றார். நிறம் ஏறியதும் இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம். கலையவில்லை. அதே ஐந்து புள்ளி ஏழு.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். இரண்டு நாளும் கொதிகலன் பக்கத்திலேயே கிடந்தவர். சட்டையெல்லாம் கரி.

"கொஞ்சம் கொறச்சு எழுத முடியாதாக்கா?" என்று என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"வாங்குறவங்களும் இதேதான் செஞ்சி பாப்பாங்க சார். அப்ப ரெண்டு பேரும் மாட்டிப்போம்."

 அவர் கைபேசியை எடுத்து, அந்த எண்ணெயை மற்றதோடு கலக்காமல் தனித் தொட்டிக்குத் திருப்பச் சொன்னார். நான் ஐந்து புள்ளி ஏழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பழைய குலைகள் தீர மேலும் மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் அவர் அறைப்பக்கம் வரவில்லை. போனில் "எவ்ளோக்கா?" என்பார். சொல்வேன். "சரி" என்று வைத்துவிடுவார்.