பர்லியாறு வரை வந்த காய்ச்சல்

இல்லாத ஒரு காய்ச்சலுக்காக ஓர் அம்பாசிடர் காரையும் மூன்று நல்ல மனிதர்களையும் குன்னூரிலிருந்து மலையிறக்கியவன் நான். விவரம் தெரியாத ஆள் செய்திருந்தால் மன்னிக்கலாம். நான் எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தா. வாரப் பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம். தெர்மாமீட்டரை எப்படி உதறவேண்டும் என்று மனைவிக்கு வகுப்பெடுத்ததும் நான்தான்.

அப்போது என் உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது என் ரத்தமே இல்லை. ரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, எலும்புக்குள் இருந்த என் மஜ்ஜையை மருந்து கொடுத்து அழித்துவிட்டு, தம்பியின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜையை ஏற்றியிருந்தார்கள். நாங்கள் சிலோனிலிருந்து வந்த குடும்பம். சர்க்கார் காகிதத்தில் ‘தாயகம் திரும்பியோர்’, குன்னூர் பஜாரில் ‘சிலோன்காரங்க’. அக்காவும் இன்னொரு தம்பியும் இந்தியக் குடியுரிமைக் காகிதம் வராமல் அக்கரையிலேயே நின்றுபோனார்கள். இக்கரையில் இருந்த ஒரே தம்பியின் மஜ்ஜை எனக்குப் பொருந்திப்போயிற்று. இரண்டு அரசாங்கங்கள் சேர்ந்து எங்கள் குடும்பத்தைப் பங்கு பிரித்ததில் எனக்குச் சாதகமாக நடந்த ஒரே காரியம் இதுதான்.

புது மஜ்ஜை ஊன்றிக்கொண்டது போலத்தான் தெரிகிறது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்றை மட்டும் டாக்டர் விரலை ஆட்டிச் சொன்னார். காய்ச்சல் நூறைத் தாண்டினால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கக் கூடாது, அன்றைக்கே கோயமுத்தூருக்கு இறங்கிவிட வேண்டும். எதிர்த்து நிற்கத் தெம்பில்லாத உடம்பில் சின்னக் கிருமி நுழைந்தாலும் உயிர் போய்விடும். அன்றுமுதல் எங்கள் வீட்டுக்கு அந்தக் கண்ணாடிக் குச்சிதான் எஜமான்.

அதற்கு அடுத்த அதிகாரி என் மனைவி. காரமடைக்காரி. வீட்டில் பூ கூடாது என்று டாக்டர் சொன்னதும் சாமி படத்துக்குக்கூட வெறும் விளக்கோடு நிறுத்திக்கொண்டாள். ஜெரேனியம் தொட்டிகள் பக்கத்து வீட்டுக்குக் குடிபோயின. பச்சை வெங்காயம், கொத்தமல்லித் துவையல், கடையில் வாங்கிய எதுவும் கிடையாது. குடிக்கிற எதுவும் கொதித்திருக்க வேண்டும். ஆட்கள் உள்ளே வரக்கூடாது.

கடைசி விதிதான் கஷ்டம். எங்கள் ஜனத்தில் ஒருவன் படுத்துவிட்டால் போய்ப் பார்க்காமல் இருப்பது பெரிய குற்றம். வந்தவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். நான் முகமூடியோடு கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்திருப்பேன். மிருகக்காட்சிச் சாலைக்கும் எங்கள் வீட்டுக்கும் வித்தியாசம் டிக்கெட்தான். வந்தவருக்கு டீ கொடுக்காமல் அனுப்புவது மரியாதையில்லை, அவரைத் தனியாகக் குடிக்கவிடுவது அதைவிட மோசம். வெளியே ஒரு டம்ளர், உள்ளே எனக்கு ஒரு டம்ளர். பால் இல்லாத பிளேன்டீ, கடித்துக்கொள்ள உள்ளங்கையில் ஒரு வெல்லத்துண்டு. கொதித்ததுதான் பாதுகாப்பு என்றால் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது இன்னும் பாதுகாப்பு என்று நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

தம்பி தினமும் வேலை முடிந்து வருவான். தேயிலைச் செடியின் கிளைகளை ஒட்ட வெட்டிவிடும் கவாத்து வேலை அவனுக்கு. வந்ததும் என் மொட்டைத் தலையைப் பார்ப்பான்.

“கவாத்து வெட்டுன மலை மாதிரியே இருக்குண்ணே. பயப்படாத, மழை விழுந்தா துளிர்த்துரும்.”

நான் ஒரு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன் என்று கேள்விப்பட்டால், “நான் சாப்புடுவேன்ல, அதான்” என்பான். மூச்சு வாங்காமல் வாசல் மேட்டில் ஏறிவிட்டால், “மலையில ஏறி எறங்குன ரத்தம்ல.” எஸ்டேட் லயத்து வீடுகளில் யாரைப் பார்த்தாலும் சொல்லிவைத்திருந்தான். என் உடம்பில் எது சரியாக நடந்தாலும் பெயர் அவனுக்கு. குளித்தது மட்டும்தான் என் சொந்த முயற்சியாக மிஞ்சியது.

ஒரு மத்தியானம் பஜாரில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய் பார்க்க வந்தார். சாரலில் குடையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்று, பருப்பு விலையிலிருந்து பெரிய மருமகன் வரை எல்லாம் பேசினார். இருவரும் டீ குடித்தோம். கடைசி வாயை விழுங்குகிறேன், மனைவி தெர்மாமீட்டரோடு வந்து நிற்கிறாள். வாயில் வைத்துக்கொண்டேன். எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவள் முகம் வெளுத்துப்போனது.

“ஏனுங்க... நூத்தி ரெண்டுங்க.”

பாய் குடையை மடக்கினார். “கார் கீழதான் நிக்குது சார். நீங்க ஏறுங்க. மத்தத அல்லா பாத்துக்குவான்.”

செய்தி கேட்டு மலையிலிருந்து ஓடிவந்த தம்பி, இடுப்பில் சொருகிய கவாத்துக் கத்தியைக்கூட எடுக்காமல் முன் சீட்டில் ஏறிக்கொண்டான். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. வழக்கமாகக் காட்டேரிப் பார்க் வருவதற்குள் ஊர்க் கதை முழுக்கச் சொல்லிவிடுகிறவன், அன்று ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். கொஞ்ச தூரம் போனபிறகு திரும்பாமலே கேட்டான்.

“அண்ணே, என்னோடது கைவிட்டுருச்சோ?”

எனக்கு என்னவோ பயம் வரவில்லை. உடம்பு நன்றாக இருப்பதாகவே பட்டது. காய்ச்சல் உள்ளவன் இப்படி வெல்லத்தை விட்டுவிட்டு வந்ததற்காக வருத்தப்படமாட்டான். “உன் ரத்தம் எங்கடா போகும்? ஒரு நாள் லீவு போட்டிருக்கும்” என்றேன். மனைவி என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் அழுந்தியது. எனக்கு என்ன ஆனாலும் பழி தன் இடுப்பெலும்பின்மேல்தான் என்று தம்பி நினைத்துக்கொண்டிருப்பது அவன் பிடரியைப் பார்த்தாலே தெரிந்தது.

பர்லியாறு வந்தபோது பிரேக் சூடாகி நாற்றமடித்தது. பாய் வண்டியை டீக்கடை ஓரமாக நிறுத்தினார். சும்மா இருக்க முடியாமல் மனைவி தெர்மாமீட்டரைக் கழுவி, உதறி, மறுபடி என் வாயில் வைத்தாள். தொண்ணூற்றெட்டரை, சரியான அளவு. நம்பாமல் இன்னொரு தடவை வைத்தாள். அதேதான். அவள் கண் டீக்கடை பாய்லர் பக்கம் போனது.

“ஏனுங்க, டீ குடிச்ச வாயிலயேவா வெச்சுக்கிட்டீங்க?”

“கொதிச்சதத்தான் குடிக்கணும்னு டாக்டர் சொன்னாரே.”

“கொதிக்க வெச்சு ஆத்திக் குடிக்கச் சொன்னாருங்க. கொதிக்கறப்பவே குடிக்கச் சொல்லலைங்க.”

தம்பிக்கு இது போதவில்லை. கடையில் சூடாக ஒரு டீ வாங்கி, வாய் வெந்துபோகும் வேகத்தில் குடித்து முடித்து, அண்ணி கையிலிருந்த தெர்மாமீட்டரைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டான். இடுப்பில் கத்தியும் வாயில் கண்ணாடிக் குச்சியுமாக நின்றவனை மங்குஸ்தான் விற்றுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“நூத்தி ரெண்டு!”

“பாத்தியாண்ணே? ஒரே ரத்தம்!” என்று அவன் போட்ட கூச்சலில் கடைக்காரரும் சிரித்துவிட்டார்.

“எச்சப் பண்ணீட்டீங்களே கொழுந்தனாரே, இனி அத இவரு வாயில வெக்க முடியுமா?” என்று மனைவி திட்டத் தொடங்கினாள். பாதித் திட்டில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்படியே திரும்பிவிடலாம் என்றேன். வெட்கம்தான் காரணம். அவள் கேட்கவில்லை. டாக்டர் வாயால் கேட்டால்தான் மனசு ஆறும் என்றாள். கோயமுத்தூரில் டாக்டர் டீக் கதையைச் சிரிக்காமல் கேட்டார், அதுதான் அதிக வலி. சந்தேகம் வந்தால் இப்படித்தான் ஓடிவர வேண்டும் என்று ஆறுதலும் சொன்னார். இரவு அங்கேயே தங்கவைத்து ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் ரிப்போர்ட் வந்தது. அணுக்கள் எல்லாம் நன்றாக ஏறியிருந்தன. மஜ்ஜை சந்தேகமில்லாமல் ஊன்றிவிட்டது. என் ரத்த வகைகூட மாறி, தம்பியின் வகையே ஆகிவிட்டதாம்.

மலையேறும்போது தம்பியைக் கேட்க வேண்டுமா? பாயிடம் ஒவ்வொரு வளைவிலும் தன் அணுக்களின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்தான். என்னால் தாங்க முடியவில்லை.

“சரிடா, எல்லாம் உன் ரத்தம்தான், ஒத்துக்கிறேன். அப்போ இந்தத் தெர்மாமீட்டர் கூத்தும் உன் ரத்தம் செஞ்சதுதானே?”

பர்லியாறு தாண்டும்வரை யோசித்தான்.

“இல்லண்ணே. டாக்டரு என் இடுப்புலருந்துதான் எடுத்தாரு. தலை நீ சிலோன்லருந்து கப்பல்ல கொண்டாந்ததுதான்.”