இரண்டும் சரிதான், தண்ணீர்தான் வரவில்லை

எங்கள் கட்டடத்தில் யாரும் யாரோடும் ஆங்கிலத்தில் பேசுவதில்லை. லிஃப்டில் ஹிந்தி, வாட்ச்மேனிடம் மராத்தி, வீட்டுக்குள் அவரவர் தாய்மொழி. ஆனால் காகிதத்தில் எதையாவது எழுதவேண்டும் என்றால் மட்டும் எல்லோருக்கும் ஆங்கிலம் வேண்டும். படியில் யார் குப்பை போட்டது என்று ஹிந்தியில் தொண்டை கிழியச் சண்டை போட்டுவிட்டு, குப்பை போடாதீர்கள் என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுவார்கள். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். தாராவியிலிருந்து செம்பூருக்குக் குடிவந்த புதிதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போது நானே இந்தக் கட்டடத்தின் செயலாளர். அந்த ஆங்கிலத்தை எழுதுகிற வேலையும் என் தலையில்தான்.

மும்பையில் ஒவ்வொரு அடுக்குமாடிக் கட்டடமும் ஒரு சின்ன அரசாங்கம். 'சொசைட்டி' என்பார்கள். கூட்டத்தில் பேசியதையெல்லாம் செயலாளர் எழுதிவைக்க வேண்டும். அதற்கு மினிட்ஸ் என்று பெயர். அடுத்த கூட்டத்தில் அதை உரக்கப் படித்து, ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிய வேண்டும். அது முடியும்வரை தலைபோகிற விஷயமானாலும் எடுக்கக் கூடாது. வேறு யாரும் முன்வராததால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். தாராவிக்காரி எத்தனை நாள் தாங்குவாள் என்று படியில் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. விழுந்தால் விழட்டும் என்று இருந்துவிட்டேன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோனது. கீழ்த் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, மாடிக்கு ஏறவில்லை. கமிட்டி அவசரமாகக் கூடி, புது மோட்டார் வாங்கலாம் என்று முடிவு செய்தது. பொதுக்கூட்டம் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. அதுவரை மேல்மாடிக்காரர்கள் எல்லோரும் கீழ்க்குழாயில் வாளி பிடித்துத் தூக்கினோம். லிஃப்டில் ஏற்றினாலும் வீடுவரை சுமக்க வேண்டும். எனக்கு மேல்தளத்தில் இருக்கும் கல்யாணி மாமிக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு வாளிக்கும் முனகிக்கொண்டே வருவார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம். கமிட்டிக் கூட்டத்தின் மினிட்ஸை நான் படித்தேன். மோட்டார் எரிந்துபோனதைக் கமிட்டி அறிந்தது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதன் நகலைக் கையில் வைத்திருந்த வெங்கிடாசலம் சார் கையைத் தூக்கினார். கல்யாணி மாமியின் கணவர்; பாலக்காட்டுக் குடும்பம், மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், எனக்கு முன்னால் நெடுங்காலம் செயலாளராக இருந்தவர்.

"அம்மா, 'எரிந்தது'ங்கறதுக்கு அமெரிக்காக்காரன் மாதிரி எழுதியிருக்கே. கடைசியில டீ போட்டு முடிக்கணும். அதுதான் இங்கிலீஷ்."

உல்லாஸ்நகரிலிருந்து வந்த மிர்சந்தானி அம்மாள் விடுவாரா? அவர் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். "நஹி, நஹி" என்று எழுந்தார். எரிந்தது சரியாகத்தான் இருக்கிறதாம். 'அறிந்தது'தான் பழைய லண்டன் பாணியில் இருக்கிறதாம். இந்தக் காலத்தில் யாரும் அப்படி எழுதுவதில்லையாம்.

விஷயம் இதுதான். ஆங்கிலத்தில் சில வினைச்சொற்களுக்கு இறந்தகாலம் இரண்டு விதம். லண்டன் வழக்கத்தில் 'டீ' எழுத்தோடு முடியும். அமெரிக்க வழக்கத்தில் 'ஈ, டி' என்று இரண்டு எழுத்து. 'எரிந்தது' என்பதற்கான சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் 'பர்ன்ட்'தான், வித்தியாசமே தெரியாது. ஒரே வரியில் நான் 'அறிந்தது' என்பதற்கு 'டீ'யும், 'எரிந்தது' என்பதற்கு 'ஈ, டி'யும் போட்டிருந்தேன். வெங்கிடாசலம் சார் பெருமூச்சு விட்டார்.

"தாராவியில வேணா இப்படிக் கலந்துகட்டி எழுதலாம். இங்கே எழுதப்படாது."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. பதில் சொல்வதற்குள் ஆளுக்கொரு பக்கம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மினிட்ஸ் ஒப்புதல் ஆகவில்லை. அதனால் மோட்டாரும் இல்லை. மறுநாள் சாயங்காலம் மறுபடி கூடலாம் என்று கலைந்தார்கள். நான் இரண்டு வாளியோடு மாடி ஏறினேன்.

அந்த வரி எப்படி அப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்தபோது எங்கள் ஆங்கில ஆசிரியைக்கு அமெரிக்க வழக்கமே ஆகாது. 'ஈ, டி' போட்டால் சிவப்பு மையில் வட்டம் விழும். கல்யாணமாகி தாராவிக்கு வந்தபின், அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதும் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அங்கே 'டீ' போட்டால் திரையில் சிவப்புக் கோடு விழும். 'அறிந்தது' என்பதைப் படிப்போடு கற்றேன், 'எரிந்தது' என்பதை வேலையில். வாடிக்கையாளர்கள் புகாரில் எப்போதும் ஏதாவது ஒரு சார்ஜர் எரிந்துகொண்டுதான் இருக்கும். இரண்டு இடமும் எனக்குச் சோறு போட்டவை. எதை விட்டுக்கொடுப்பது?

தமிழிலும் எனக்கு இது புதிதல்ல. தாராவிச் சந்தில் "அவிய வந்தாவ" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், மாட்டுங்கா பூக்கடையில் அதையே சொன்னதும் பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அன்றைக்குக் கூசிப்போனேன். அப்புறம் அங்கே போனால் "வந்தாங்க", சந்துக்குத் திரும்பினால் "வந்தாவ" என்று பழகிக்கொண்டேன். வந்தவர் என்னவோ ஒருவர்தான்.

வாளியை இறக்கிவைத்ததும் என் வீட்டுக்காரர் கேட்டார். அவருக்குத் தாராவியில் பெல்ட் தைக்கும் பட்டறை. "ஏட்டி, ஒரு எழுத்துக்கா இம்புட்டு சண்ட?"

"எழுத்துக்கா? நாம எங்கேருந்து வந்தோம்ங்கதுக்குல்லா."

"அப்ப மாத்தி எழுதிக் குடுத்திரு. சோலி முடிஞ்சிரும்."

"மாத்த மாட்டேன்" என்றேன். கோபமும் இருந்தது, என் ஆங்கிலத்தின்மேல் நம்பிக்கையும் இருந்தது.

மறுநாள் அதே வரியை, ஓர் எழுத்தும் மாற்றாமல் படித்தேன். இரண்டு பேரும் ஒன்றாகக் கையைத் தூக்கினார்கள். நான் எல்லோருக்கும் புரியும் பம்பாய் ஹிந்தியில் சொன்னேன்: "இரண்டுமே சரியான ஆங்கிலம். 'அறிந்தது' வெங்கிடாசலம் சாருடைய லண்டன். 'எரிந்தது' மிர்சந்தானி அக்காவுடைய அமெரிக்கா. ஒரே மாதிரி ஆக்க வேண்டுமென்றால் ஒருவருடையதை அடிக்க வேண்டும். யாருடையதை அடிக்கட்டும்? நீங்களே சொல்லுங்கள்."

பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டேன். மிர்சந்தானி அம்மாள் வெங்கிடாசலம் சாரைப் பார்த்தார். அவர் காகிதத்தைப் பார்த்தார். பின்னால் காலி வாளியோடு நின்றிருந்த கல்யாணி மாமிதான் பேசினார்.

"ஏன்னா, லண்டனோ அமெரிக்காவோ, ஆத்துல ஒரு சொட்டு ஜலம் இல்லை. மொதல்ல முன்மொழியுங்கோ."

வெங்கிடாசலம் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்மொழிந்தார். வேறு யாராவது முந்திவிடுவார்களோ என்பதுபோல மிர்சந்தானி அம்மாள் உடனே வழிமொழிந்தார். மோட்டாருக்கு எல்லாக் கையும் உயர்ந்தது. தாராவி என்று சொன்னதற்குச் சார் வருத்தம் தெரிவிக்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, "அடுத்த மினிட்ஸையும் நீயே எழுதும்மா" என்றார். பின்னே, வேறு யார் எழுதுவது?

அதற்கு மறுநாள் மதியம் ஊரிலிருந்து அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள். சமையலறைக் குழாய் இருமியது, காற்றுச் சீறியது, துருத் தண்ணீர் கொட்டியது, பிறகு நல்ல தண்ணீர் வந்தது. மேலே கல்யாணி மாமி "ஜலம் வந்துடுத்து!" என்று கூவினார். எதிர்வீட்டில் மிர்சந்தானி அம்மாள் "பானி ஆ கயா!" என்றார். கீழே வாட்ச்மேன் தன் பங்குக்கு மராத்தியில் கத்தினார். குளியலறையிலிருந்து வீட்டுக்காரர், "ஏட்டி, தண்ணி வந்துட்டு!" என்றார். யாரும் யாரையும் திருத்தவில்லை. எல்லோரும் வாளி வைக்க ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"அங்க என்னட்டி சத்தம்?" என்றாள் அம்மா.

"பானி வந்துட்டும்மா!"

என் வாயில் அப்படித்தான் வந்தது. பாதி அவளுக்குப் புரிந்திருக்கும். மீதிக்காக, போனைக் குழாய்ப் பக்கம் நீட்டிப் பிடித்தேன்.