தட்டுக்காரம்மாவின் இருபது நிமிடங்கள்

எங்கள் தெருவில் தட்டுக்காரம்மா என்று கேட்டால் குழந்தையும் வீட்டைக் காட்டும். பாத்திரக் கடைக்காரரோ என எண்ண வேண்டா. ஆய்வகம் ஒன்றில், உள்ளங்கையளவுத் தட்டுகளில் உயிருள்ள செல்களை வளர்ப்பவர். பதினெட்டு ஆண்டுகளாக அவற்றுக்கு வேளை தவறாமல் ஊட்டமளிக்கிறார். தமக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை என்பது அவர் கணவரின் முறையீடு.

அச்செல்களின் மேற்பரப்பில், வெளியிலிருந்து வரும் சேதியை வாங்கும் ஏற்பிகள், அதாவது ரிசப்டர்கள், உண்டு. ஆய்வகத்தில் சோதிக்கும் ஹார்மோன் செல்லுக்குள் நுழைவதே இல்லை. ஏற்பியைத் தொட்டு நின்றுவிடும். ஏற்பி, உள்ளே தன் பக்கத்து மூலக்கூற்றை உசுப்பும். அது பலவற்றை உசுப்பும். முடிவில் செல்லுக்குள் கால்சியம் பெருகும்.

"எங்க மாமியார் வீடு மாதிரிதான். வாசல்ல ஒருத்தர் தும்மினா, சேதி கொல்லைக்குப் போறதுக்குள்ள காய்ச்சல்னு ஆயிடும்" என்பார் தட்டுக்காரம்மா.

அன்று காலை, தட்டில் ஒட்டியிருந்த செல்களைப் பெயர்த்துப் எட்டுப் புதிய தட்டுகளுக்கு மாற்றுவதற்காக என்சைம் எனும் நொதிக் கரைசலை ஊற்றினார். ஐந்தே நிமிடத்தில் அதை நீக்கிவிட வேண்டும். அந்நேரம் பார்த்து ஓரகத்தி தொலைபேசியில் அழைத்தார். அவர் பேச்சில் காற்புள்ளி உண்டு, முற்றுப்புள்ளி கிடையாது. இருபது நிமிடங்கள் ஓடின. அதன் பிறகே கரைசலை நீக்கிச் செல்களை மாற்றினார்.

நண்பகலில் ஆய்வகத் தலைவி ஒரு தட்டில் ஹார்மோனைச் சொட்டினார். கால்சியம் பெருகினால் பச்சையாக ஒளிரும் சாயத்தைச் செல்களுக்குள் முன்பே ஏற்றியிருந்தனர். நுண்ணோக்கியில் இருட்டுத்தான் தெரிந்தது.

"செத்துப்போச்சு. எட்டுத் தட்டையும் கொட்டிடுங்கம்மா."

நான்கு மாத வளர்ப்பு. அவ்வகையில் வேறு இருப்பும் இல்லை. தட்டுக்காரம்மா, இறந்த செல்களில் மட்டுமே ஏறும் நீலச் சாயத்தை ஒரு துளி இட்டுக் காட்டினார். எதுவும் நீலமாகவில்லை.

"உயிரோடதான் இருக்கு மேடம்."

"அப்ப ஏன் பதில் சொல்லாம கிடக்கு?"

வாயைத் திறந்தால் தம் குற்றம் வெளிப்படும். மூடினால் தட்டுகள் குப்பைக்குப் போகும். திறந்தார்.

"தப்பு என்னுதுதான் மேடம். என்சைமை இருபது நிமிஷம் விட்டுட்டேன். மேல இருந்த ரிசப்டரையெல்லாம் அது மழிச்சிருக்கும். வாசல்ல ஆளே இல்லன்னா உள்ள யாரு சேதி சொல்றது? ஒரு நாள் விட்டுப் பாருங்க, புதுசா முளைச்சிடும்."

"இருபது நிமிஷமா! அப்படி என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"ஓரகத்தி மேடம்."

தலைவி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எனக்கு ரெண்டு பேரு. சரி, நாளைக்குப் பார்ப்போம். ஆனா இனிமே ஃபோனை வெளியில வெச்சுட்டு வாங்க."

மறுநாள் வேறொரு தட்டில் ஹார்மோன் விழுந்தது. இருபது எண்ணுவதற்குள் ஒரு செல் மின்னியது, அடுத்து நாலைந்து, பிறகு தட்டு முழுவதும் பச்சை.

"அம்மாடி!" என்றார் தலைவி.

தட்டுக்காரம்மா தட்டின்மேல் குனிந்து, "மெதுவா, மெதுவா! எல்லாரும் ஒரே நேரத்துல கத்தாதீங்க" என்று அதட்டினார்.