பெட்டிக்குள் இருந்த பெயர்

அலுவலகத்தில் எனக்கென்று ஒரு பெயர் உண்டு: யார் எதைச் சொன்னாலும் நம்பாதவன். சக ஊழியர் ஒருவர் "சரி பண்ணிட்டேன்" என்று வந்து நின்றால், அவர் எழுதிய கம்ப்யூட்டர் நிரலைக்கூட நான் பார்ப்பதில்லை. அதிலிருந்து கடைசியாகத் தயாராகி வந்த கோப்பைத்தான் திறப்பேன். மனிதன் எழுதுவது அவன் செய்ய நினைத்தது. இயந்திரத்துக்குள் போனதுதான் அவன் செய்தது. இரண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. இந்தக் கொள்கையை வைத்துக்கொண்டு இருபது வருடமாகப் பலருடைய மனத்தை நோகடித்திருக்கிறேன். பெரும்பாலும் நான் சொன்னதே சரியாக இருந்ததால் யாரும் என்னைத் தட்டிக் கேட்கவில்லை.

மைசூரில் ரிங் ரோட்டுக்கு அப்பால் இருக்கும் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. போர்வெல் மோட்டாரை ஓட்டும் பெட்டிகளைச் செய்கிறோம். கரண்ட் வந்தால் பெட்டி தானே மோட்டாரைப் போடும், போனால் தானே காத்திருக்கும், விவசாயியின் செல்போனுக்குத் தகவல் அனுப்பும். அதன் முக்கியமான வேலை இன்னொன்று. போரில் தண்ணீர் இறங்கி மோட்டார் வெறுமனே சுற்ற ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். இதை டிரை ரன் என்போம். நிறுத்தாவிட்டால் மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பி, அதாவது காயில், கருகிவிடும். பெட்டியை வாங்குகிறவர்கள் பாதிப் பேர் இதற்காகத்தான் வாங்குகிறார்கள்.

கம்பெனியில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பிறந்தது கொள்ளேகால். அதனால் ஹனூர், ராமாபுரம் பக்கத்தில் தமிழ் பேசும் விவசாயிகளிடமிருந்து ஃபோன் வந்தால் என் மேசைக்குத் திருப்பிவிடுவார்கள். அந்தப் பக்கத்துக்குப் போகும் பெட்டிகள் கன்னடத்துக்குப் பதிலாகத் தமிழில் தகவல் அனுப்பும். அந்த வாசகங்களை எழுதியதும் நான்தான், அந்தப் பெட்டிகளுக்கான கோப்பைத் தயார் செய்வதும் நான்தான். வேறு யாரும் அதில் கை வைப்பதில்லை.

போன வருடம் கோடை தொடங்கிய சமயம், ராமாபுரத்தை அடுத்த ஓர் ஊரிலிருந்து ஒருவர் ஃபோன் செய்தார். மோட்டார் கருகிவிட்டதாம். பெட்டி நிறுத்தவே இல்லையாம்.

"போருல தண்ணி எறங்கிப் போச்சுங்க. பெட்டி பாட்டுக்கு ஓட்டிக்கிட்டே இருந்திருக்குது. நானு அந்நேரம் மஞ்சக்காட்டுல வேற வேலையா இருந்தனுங்க."

இந்த மாதிரி ஃபோன்கள் எனக்குப் புதிதல்ல. மோட்டாருக்குப் போகும் ஒயர், பெட்டிக்குள் ஒரு வளையத்தின் நடுவே நுழைந்து போகும். அந்த வளையம்தான் கரண்டை அளக்கும். தண்ணீர் இல்லாமல் சுற்றும் மோட்டார் குறைந்த கரண்டைத்தான் இழுக்கும், அதை வைத்துத்தான் பெட்டி கண்டுபிடிக்கும். தண்ணீர் குறைந்த காலத்தில் சிலர் அந்த ஒயரை வளையத்தில் இன்னொரு சுற்றுச் சுற்றிவிடுவார்கள். பெட்டிக்குக் கரண்ட் இரண்டு மடங்காகத் தெரியும், வெறும் மோட்டார் சுற்றினாலும் தண்ணீர் வருகிறது என்று நம்பிக்கொண்டு ஓட்டும். கடைசிச் சொட்டு வரைக்கும் இழுத்துவிடலாம் என்கிற ஆசை. மோட்டார் போன பிறகு எங்களுக்கு ஃபோன் வரும்.

அதனால் யோசிக்காமல் சொன்னேன். "எங்க பெட்டி நிறுத்தாம இருக்காதுங்க. நிறுத்தலைன்னா யாரோ ஒயரை மாத்திச் சுத்தியிருக்காங்கன்னு அர்த்தம். அன்னைக்கு யார் ஓட்டினாங்களோ அவங்களைக் கேளுங்க."

"ஓட்டினது நாந்தானுங்க. என் மொறை."

"அப்போ உங்களுக்கே தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னபோது, அந்தப் பக்கத்துக்காரர்கள் எதையாவது நோண்டாமல் இருக்க மாட்டார்கள் என்று கன்னடத்தில் சிரித்தார். அந்தப் பக்கத்துக்காரனான நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

மூன்று வாரம் கழித்து அவரே மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை மோட்டாரைப் பற்றி அவர் பேசவே இல்லை.

அந்த போர்வெல் அவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொது. மூன்று நாளைக்கு ஒருவர் என்று முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். அன்று அவர் என்னிடம் பேசியபோது ஃபோன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது, அண்ணன் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். ஒயரை மாற்றிய திருட்டுத்தனம் கம்பெனிக்காரன் வாயாலேயே வெளியே வந்துவிட்டது என்று அண்ணன் முடிவு செய்துவிட்டார். மோட்டாரை அவரே ஆள் வைத்துத் தூக்கி, காயில் கட்டி, திரும்ப இறக்கி, பெட்டியைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்துவிட்டு, பழைய ஸ்டார்ட்டரைப் போட்டு ஓட்டுகிறார். மோட்டார் ரூமுக்குப் பூட்டு, சாவி அவர் வீட்டு ஆணியில். தம்பியின் முறை அன்றோடு நின்றுபோனது. ஒன்றரை ஏக்கர் மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது.

"நானு பெட்டியைத் தொறக்கவே இல்லீங்க. கம்பெனியில எனக்கு ஒண்ணும் குடுக்க வேண்டாம். நீங்க ஒரு வார்த்தை எங்கண்ணங்கிட்டச் சொல்லிப் போடுங்க, போதும். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாருங்க. நீங்க சொன்னதைத்தான் நம்பிக்கிட்டிருக்காரு."

எனக்கு எரிச்சல் வந்தது. ஒருவர் கேட்கிறார் என்பதற்காக எப்படிச் சொல்வது? பெட்டியைப் பஸ்ஸில் பார்சல் போடச் சொன்னேன். பார்த்துவிட்டுத்தான் எதுவும் சொல்வேன் என்றேன். அவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவேன் என்றுதான் அப்போது எனக்கு எண்ணம். அதை மறைத்து இப்போது நல்ல பிள்ளை வேஷம் போட விரும்பவில்லை.

இரண்டாம் நாள் பெட்டி வந்தது. மூடியின் ஸ்குருக்கள் மேல் நாங்கள் வைக்கும் சிவப்புப் பெயிண்ட் அப்படியே இருந்தது. அது எனக்குப் போதவில்லை, பெயிண்ட் கடையில் கிடைக்கிறது. மூடியைக் கழற்றினேன். வளையத்தில் ஒயர் ஒரே ஒரு தடவைதான் நுழைந்து போயிருந்தது. சுற்றியதைப் பிறகு அவிழ்த்திருக்கலாம் என்று அதையும் ஒதுக்கினேன். அப்புறம்தான் லேப்டாப்பை இணைத்து, சிப்புக்குள் இருந்ததை முழுக்க ஒரே கோப்பாக வெளியே எடுத்தேன்.

இந்தக் கோப்பை நாம் எழுதியதைப் போலப் படிக்க முடியாது. அரிசியை மாவாக அரைத்துவிட்டால் அதில் அரிசியைத் தேட முடியாது. கல் கிடந்தால் மட்டும் பல்லில் படும். எழுதிய நிரலும் அப்படித்தான் அரைபட்டு எண்களாகிவிடுகிறது. பெட்டி வெளியே காட்ட வேண்டிய வாசகங்கள் மட்டும் அரைபடாமல் எழுத்தாகவே உள்ளே கிடக்கும். அந்த எழுத்துகளை மட்டும் பொறுக்கித் தருவதற்கு ஸ்ட்ரிங்ஸ் என்று ஒரு கட்டளை இருக்கிறது. கருப்புத் திரையில் அந்தச் சொல்லையும், தமிழையும் சேர்த்துக் காட்டச் சொல்லும் ஒரு குறியையும், கோப்பின் பெயரையும் தட்டினால் போதும், வரிசையாகக் கொட்டும்.

கொட்டியது. நான் எழுதிய தமிழ் வாசகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மோட்டார் ஓடுகிறது, கரண்ட் இல்லை, லோ வோல்டேஜ். 'தண்ணீர் இல்லை, மோட்டார் நிறுத்தப்பட்டது' என்ற வரி மட்டும் கண்ணில் படவில்லை. வேகமாக ஓடியதில் தவறவிட்டிருப்பேன் என்று அந்தச் சொல்லை மட்டும் தேடச் சொன்னேன். திரை ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்து நின்றது. மறுபடி தேடினேன், எழுத்துப்பிழை இருக்குமோ என்று மாற்றியும் தேடினேன். இல்லை.

ஒரு வாசகம் இப்படிக் காணாமல் போவதற்கு ஒரே காரணம்தான் உண்டு. அதைச் சொல்ல வேண்டிய பகுதியே கோப்புக்குள் போகவில்லை. தேவைப்படாத வாசகத்தை நிரலை அரைக்கும் கம்பைலர் தானே கழித்துப் போட்டுவிடும். அதாவது இந்தப் பெட்டிக்கு டிரை ரன் என்றால் என்னவென்றே தெரியாது. ஒயரை எத்தனை சுற்றுச் சுற்றினாலும், சுற்றாவிட்டாலும், அது மோட்டாரை நிறுத்தியிருக்காது.

எவன் இதை இப்படி அனுப்பினான் என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதையும் கோப்பே சொல்லும். எந்தக் கம்ப்யூட்டரில், எந்த ஃபோல்டரில் வைத்து அரைத்தோமோ அந்த வழி சில இடங்களில் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். அலுவலகத்தில் தயாரானால் அங்குள்ள பொதுக் கம்ப்யூட்டரின் பெயர் இருக்க வேண்டும். மேலே தள்ளிப் பார்த்தேன். ஹோம் என்று இருந்தது. அதற்கடுத்து என் பெயர். அதற்கடுத்து 'மேசை'.

மேசை என்பது என் லேப்டாப்பில் இருக்கும் ஃபோல்டர். அலுவலக மேசையில் மோட்டார் உண்டு, கிணறு கிடையாது. பெட்டியை அங்கே ஓட்டிப் பார்த்தால் தண்ணீர் இல்லை என்று சொல்லி உடனே நின்றுவிடும், மற்ற எதையும் சோதிக்க முடியாது. அதனால் டிரை ரன்னை மட்டும் எடுத்துவிட்டு, சோதனைக்கென்று தனியாக ஒரு பிரதி வைத்திருந்தேன். அது வெளியே போகவே கூடாத பிரதி.

பக்கத்திலேயே தயாரான தேதியும் நேரமும் இருந்தன. அந்தத் தேதியைப் பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்தது. அம்மாவோடு மாதேஸ்வரன் மலைக்குக் கிளம்பிய நாள், மறுநாள் அமாவாசை. கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நெரிய, மலை பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். முதலாளி ஃபோன் செய்து, தமிழ்ப் பெட்டிகள் பன்னிரண்டு இன்றே போக வேண்டும், ஒரு வாசகத்தை மட்டும் திருத்தி அனுப்பு என்றார். இரண்டு பைகளுக்கு நடுவே உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்து, வாசகத்தைத் திருத்தி, அரைத்து அனுப்பினேன். அம்மா பஸ் வந்துவிட்டது என்று தோளைத் தட்டினாள். எந்த ஃபோல்டரில் இருந்தேன் என்று பார்க்கவில்லை. மற்றவர்கள் கோப்பைத் திறந்து திறந்து பார்த்தவன், அன்று அனுப்பிய என் கோப்பைத் திறக்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

அப்போதும் நம்பாமல், லேப்டாப்பில் கிடந்த அன்றைய கோப்பையும் பெட்டியிலிருந்து எடுத்ததையும் பைட் பைட்டாக ஒப்பிடச் சொன்னேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்தக் கட்டளை எதுவும் பேசாது. பேசவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வேலையில் தப்பு எல்லோருக்கும் வரும், அதற்காக இல்லை. ஃபோனில் நான் பேசிய தொனிக்காக.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. பன்னிரண்டு பெட்டிகளையும் மாற்றிவிடலாம், அந்தக் குடும்பத்துக்கு மோட்டார் செலவையும் கொடுத்துவிடலாம், ஆனால் அப்டேட் என்று சொல்லி முடித்துவிடு, யார் செய்தது என்பதெல்லாம் எதற்கு என்றார். அப்படிச் செய்தால் மோட்டாருக்கான பணம் திரும்பிவிடும், அந்தத் தம்பி இழந்த நல்ல பேர் திரும்பாது என்றேன். உன் இஷ்டம் என்றார்.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். கொள்ளேகாலில் மாறி, ராமாபுரத்தில் இறங்கினேன். தம்பி பைக்கோடு வந்து நின்றிருந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். அண்ணன் வீட்டுக்கு முன்னால் பைக்கை நிறுத்திவிட்டு, தான் வரவில்லை என்று ரோட்டிலேயே நின்றுகொண்டார்.

அண்ணன் நாற்காலி போட்டார், மோர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"அன்னைக்கு ஃபோன்ல வேற மாதிரி சொன்னீங்க. இன்னைக்கு அவன் வந்து அழுதிருப்பான், அதனால மாத்திச் சொல்றீங்க."

நம்பாதவனுக்கு நம்பாதவர் கிடைத்தார். லேப்டாப்பைத் திறந்து, அவர் பெட்டியிலிருந்து எடுத்ததை அவர் கண் முன்னாலேயே மறுபடி ஓடவிட்டேன். இதுதான் உங்கள் பெட்டிக்குள் இருந்தது, இதற்குள் வெளியிலிருந்து யாரும் எழுத முடியாது, யார் செய்தார்களோ அவர்கள் பெயர் இதில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றேன். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. திரைக்கு அருகே குனிந்து பார்த்தார்.

"எந்தம்பி பேரு எங்கீங்க இருக்குது?"

"அவர் பேரு இல்லீங்கண்ணா. எம் பேருதான் இருக்குது."

"எங்க?"

விரல் வைத்துக் காட்டினேன். எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். என் பெயரை அவ்வளவு நிதானமாக நான் படித்ததே இல்லை.

அவர் நிமிர்ந்தார். உள்ளே போய் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். என்னைத் தாண்டி ரோட்டுக்குப் போய் அதைத் தம்பியின் கையில் வைத்தார்.

"மொறை உன்னுது. போய்த் தண்ணியைத் திருப்பு."

தம்பி பைக்கை அங்கேயே விட்டுவிட்டு வரப்பு வழியாக நடந்தார். அண்ணன் அவர் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, திரும்பி வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இனிமேல ஃபோன்ல யாரையாச்சும் ஒண்ணு சொல்றதுன்னா, உள்ள உங்க பேரு இருக்குதான்னு முதல்ல பார்த்துட்டுச் சொல்லுங்க."

சரிங்கண்ணா என்றேன்.