வெயிலில் காயவைத்த செல்

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த ஆண்டு அது, தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோயம்புத்தூரில் நடக்கவிருந்த குழந்தைகள் குழுநடனப் போட்டிக்காக எங்கள் சித்தி தொண்டாமுத்தூர்ப் பெண்பிள்ளைகள் ஆறு பேரைப் பழக்கினார். ஆறில் நானும் ஒருத்தி. சித்தி கல்யாணத்துக்கு முன்பு முறையாக நடனம் கற்றவர். வீட்டு முன்னறையில் வகுப்பு நடத்தவேண்டும் என்பது அவருடைய ஆசை. சித்தப்பா அதற்கொரு நிபந்தனை வைத்தார்.

"பரிசு வாங்கிட்டு வா. அப்பறம் முன்னறை உனக்குத்தான். அதுவரைக்கும் இந்தக் குதியாட்டமெல்லாம் ஊட்டுக்குள்ள வேண்டாம்."

ஆகவே தென்னந்தோப்பில் பழகினோம்; நாற்று நடுவதில் தொடங்கி அறுவடையில் முடியும் உழவுப் பாட்டு. சித்தப்பாவின் டேப் ரிக்கார்டரைக் கேட்டு வாங்கவே சித்திக்கு ஆடி மாதம் முழுவதும் ஆயிற்று. ஆவணியில் பயிற்சி தொடங்கியது. தோப்பில் மின்சாரம் கிடையாது. பேட்டரி செல் போட்டுத்தான் பாட்டு. புரட்டாசியில் செல் தளர்ந்தது. சித்தி அதைக் கழற்றிப் பாறைமேல் வெயிலில் காயவைப்பார். மறுபடி கொஞ்ச நாள் ஓடும். பாட்டு துளித்துளியாக மெதுவாகிவந்ததை யாரும் கவனிக்கவில்லை. எங்கள் கால்களும் அதோடு சேர்ந்து மெதுவாயின.

"இப்பத்தான் கண்ணு, நெளிவு வருது" என்று சித்தி பூரித்துப்போனார்.

போட்டி ஐப்பசியில். மேடையில் கரண்டில் ஓடும் டேப்பில் எங்கள் கேசட்டைப் போட்டார்கள். எங்கள் பாட்டுத்தான், ஆனால் நாய் துரத்தியதுபோல் ஓடியது. பாட்டு அறுவடைக்குப் போய்விட்டது; நாங்கள் ஆறு பேரும் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தோம்.

"அம்மணிகளா, மழ வாரதாட்ட இருக்குது, வெரசா நடுங்க!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்த, அரங்கமே சிரித்தது. பாட்டு நின்ற பிறகும் நான் கொஞ்சம் நட்டேன்.

சித்தி மேடையோரத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பரிசு இல்லை.

திரும்பும்போது வேனில் கேட்டேன்: "ஏனுங்க சித்தி, புது செல்லு போட்டுப் பழகியிருந்தா செயிச்சிருப்பமுங்களா?"

"செயிச்சிருப்போம் சாமி."

முன்சீட்டிலிருந்து சித்தப்பா திரும்பினார். "ஒரு வார்த்த கேட்டிருந்தா வாங்கிக் குடுத்திருக்க மாட்டனா?"

சித்தி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சித்தப்பா சொன்னதே எனக்கு நியாயமாகப் பட்டது. கேட்டால் கொடுக்கிற மனிதர். கேட்க என்ன கேடு என்று சித்திமேல் கோபம் கோபமாக வந்தது. வேன் டீக்கு நின்றபோது இறங்கி, முன்சீட்டில் சித்தப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.